சங்கிலியை அவிழுங்கள், சாயத்தைக் கொடுங்கள்!

(தென்காசியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாரல் விழுகிற காலம். உங்களில் பலர் காலையிலேயே அருவியில் தலையை நனைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தோளில் கிடக்கிற ஈரத் துண்டைப் பார்த்தாலே தெரிகிறது. நல்லது. ஒரு கேள்வி கேட்கிறேன். வருஷா வருஷம் குற்றாலத்துக்குப் போகிறோமே, கோயிலுக்குச் சற்றுத் தள்ளி சித்திர சபை என்று ஒரு மண்டபம் இருக்கிறதே, அதற்குள் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

ஆறு பேர். பரவாயில்லை, நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

நடராஜருக்கு ஐந்து சபை என்பார்கள். மற்ற இடங்களில் விக்கிரகம். இங்கே அவர் சுவரில் எழுதின சித்திரம். மண்டபத்துச் சுவரெல்லாம் படம். அதை எழுதின கைவேலைக்காரன் பேர் நமக்குத் தெரியாது. உழைத்தவன் பேர் எந்தச் சுவரில்தான் இருக்கிறது? நான் சாமி கும்பிடச் சொல்லி இதை எடுக்கவில்லை. குற்றாலத்தைப் பற்றி நம் ஜனங்களிடம் ஒரு பேச்சு உண்டு அல்லவா? எவனாவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால், "இவனைக் குற்றாலத்துக்குக் கொண்டு போய்த் தலையிலே தண்ணி விடுங்கப்பா" என்கிறோம். வேடிக்கைக்குச் சொல்கிறோம். ஆனால் நிஜமாகவே மனம் பேதலித்த பிள்ளைகளைக் கையைக் கட்டி அருவிக்கடியில் நிறுத்துகிற குடும்பங்களும் உண்டு. என் குடும்பமே ஒன்று.

எனக்கு ஓர் அண்ணன். ஒரு நூற்பு ஆலையில் ரிங் பிரேமில் வேலை பார்த்தான். ஆலையின் பேர் இங்கே வேண்டாம். ஒரு நாள் இரவு ஷிப்டில், பக்கத்தில் நின்ற சிநேகிதனுடைய கை இயந்திரத்துக்குள் போய்விட்டது. ஓடிப்போய் மெஷினை நிறுத்தியவன் என் அண்ணன்தான். அடுத்த ஷிப்டுக்கு எல்லாரும் வேலைக்கு வந்தார்கள், அவனும் வந்தான். கொஞ்ச நாளில் தூக்கம் போயிற்று. அப்புறம் பேச்சுக் குறைந்தது. பிறகு யாரோ காதில் பேசுவதாகச் சொன்னான். வேலை போயிற்று.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவள். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே அழுவாள். மூன்று நாள் விடியற்காலையில் அவனை அருவிக்கடியில் பிடித்து நிறுத்தினோம். ஜன்னி கண்டதுதான் மிச்சம். பிறகு ஒரு புண்ணிய ஸ்தலத்தில், ஒரு விடுதியில், காசு கட்டி விட்டோம். நாற்பது நாள் காலில் சங்கிலி. பார்க்கப் போனபோது என்னைப் பார்த்து, "தம்பி, காலு வலிக்குலே" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். சங்கிலிக்கு நாங்கள்தான் காசு கொடுத்திருந்தோம், தோழர்களே. கெட்ட எண்ணத்தில் அல்ல. வேறு வழி இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது ஏர்வாடியைச் சொல்லாமல் விட முடியாது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதியின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஏன் ஓடவில்லை? காலில் சங்கிலி. அவர்களில் பணக்கார வீட்டுப் பிள்ளை எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். யூனியனில் ஒரு பெரியவர் சொல்லித்தான் அண்ணனைப் பாளையங்கோட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். காதில் பேசின குரல் அடங்கிற்று. ஆனால் மனுஷன் சுவரோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சோறு வைத்தால் தின்பான். பேச்சில்லை. இப்படியே பல மாதம்.

அப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. அவள் பலகையை எடுத்து அவன் ஒரு நாள் கோடு கோடாகக் கிழித்துக் கொண்டிருந்தான். நெட்டுக்கோடு, நெட்டுக்கோடு, நெட்டுக்கோடு. அழித்துவிட்டு மறுபடி அதே. பத்து நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அது கதிர் வரிசை, ரிங் பிரேம். பிறகு ஒரு நாள் அந்த வரிசைக்கு நடுவே ஒரு கையைப் போட்டான். என் மகள், "பெரியப்பா, இது யார் கை?" என்று கேட்டாள். அவன் சொன்னான். சிநேகிதன் பேரைச் சொன்னான். அன்றிரவு நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். அத்தனை நாளும் நாங்கள் யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேர்ந்து கொண்டோம், தண்ணீர் விட்டோம், சங்கிலி போட்டோம், மாத்திரை கொடுத்தோம். கேட்கவில்லை.

பலகையில் படம் போட்டதும் நோய் ஓடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் மந்திரவாதிதான். இன்றைக்கும் அவன் மாத்திரை சாப்பிடுகிறான். ஆடு மேய்க்கிறான். வாய் திறந்து பேசுகிறான்.

இதைப் பற்றிப் படிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இதற்கு ஒரு பேரே இருக்கிறது என்று தெரிந்தது. ஆர்ட் தெரபி என்கிறார்கள். சித்திர வைத்தியம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பேரை வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது படுக்கையிலேயே படம் போட்டார். அது தன் மனசைத் தூக்கி நிறுத்தியதைக் கண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும், சண்டையில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கும் பென்சிலைக் கொடுத்தார். 1942-ல் இந்தப் பேர் வந்தது. பஞ்சுத் தூசியில் நெஞ்சு அரிக்கப்பட்ட உங்களுக்கு நாள் கணக்கில் கட்டிலில் கிடப்பது என்னவென்று தெரியும்.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வேறொருவரைப் பற்றி. பிரேஸில் தேசத்து டாக்டர், நீஸே டா சில்வேரா. 1905-ல் பிறந்தவர். ரியோ நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, அவரிடம் மார்க்ஸீயப் புத்தகங்கள் இருந்ததை ஒரு நர்ஸ் காட்டிக் கொடுத்தாள். 1936-ல் சிறை. ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகும் 1944 வரை சர்க்கார் வேலை கிடையாது. மறுபடி சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் புதுப்புது வைத்தியம் வந்திருந்தது: தலைக்கு மின்சாரம் பாய்ச்சுவது, மண்டையைத் துளைத்து மூளை நரம்பை அறுப்பது. ஒரு டாக்டர் இவருக்குச் செய்து காட்டினார். பொத்தானை அழுத்தினார், நோயாளி துடித்தான். அடுத்த ஆளைக் கொண்டு வந்து படுக்க வைத்து, இப்போது நீங்கள் அழுத்துங்கள் என்றார். மாட்டேன் என்றார் நீஸே. (இன்றைக்கு மயக்க மருந்து கொடுத்துத் தக்க நோய்க்கு அளவோடு செய்கிற மின் சிகிச்சை வேறு, டாக்டர் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். அந்தக் காலத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.)

மாட்டேன் என்ற டாக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரும் மதிக்காத ஒரு பகுதியில் போட்டார்கள். வேலை வைத்தியப் பகுதி. வைத்தியம் என்று பேர்தான். நோயாளிகளைக் கொண்டு கூட்டிப் பெருக்க வைப்பார்கள், கக்கூஸ் கழுவ வைப்பார்கள். கூலியில்லாத வேலைக்கு வைத்தியம் என்று பேர் வைத்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம்தானே? நீஸே 1946-ல் அதைத் தலைகீழாக்கினார். துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுத் தூரிகையைக் கொடுத்தார். களிமண் கொடுத்தார். எப்படிப் போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, மார்க் போடவில்லை.

அங்கே வந்தவர்கள் யார் தெரியுமா? எமிஜியோ டி பாரோஸ் என்று ஒருவர், கடற்படைப் பட்டறையில் லேத் வேலை பார்த்த தொழிலாளி. 1924-ல் உள்ளே தள்ளப்பட்டவர். இனித் தேறமாட்டான் என்று கைவிட்ட ஆள். 1947-ல் சித்திரக் கூடத்துக்குள் வந்தார். கையில் தூரிகையை எடுத்தார். இருபத்து மூன்று வருஷம் கழித்து! அடெலினா கோமெஸ் என்று ஒரு பெண், குடியானவர் மகள். யாரோடும் ஒட்டாதவள், களிமண்ணைப் பிசைய ஆரம்பித்தாள். இவர்கள் போட்டதெல்லாம் குப்பையில் போகவில்லை. 1952-ல் அதே ஆஸ்பத்திரியில் ஒரு மியூஸியம் ஆயிற்று. 1957-ல் ஸூரிச் நகரத்தில் உலக மனநோய் மருத்துவர்கள் கூடிய மகாநாட்டில் அந்தப் படங்களை மாட்டினார்கள். லேத் தொழிலாளி போட்ட படத்துக்கு முன்னால் பெரிய பெரிய டாக்டர்கள் நின்றார்கள்.

1956-ல் நீஸே இன்னொரு காரியம் செய்தார். அதுதான் நமக்கு முக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் சில மாதத்தில் திரும்பி வந்து விடுகிறானே, ஏன்? வீட்டில் சுவரோரம்தான் உட்காருகிறான். அவனுக்காக ஊருக்குள்ளே, பூட்டில்லாத ஒரு வீடு. காலையில் வரலாம், படம் போடலாம், மண் பிசையலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். லாப நோக்கமில்லாத ஸ்தாபனம். நீஸே அங்கே சம்பளம் வாங்காமல் உழைத்தார். பனை வீடு என்று அதற்குப் பேர். எங்கேயோ பிரேஸிலில் இருக்கிற வீட்டுக்கு நம் ஊர்ப் பேர்போல இருக்கிறது பாருங்கள். 1999-ல் அவர் காலமானார். 2022-ல் அவர் பேரை தேசத்தின் வீரர் வரிசையில் சேர்க்க வந்த தீர்மானத்தை அன்றைய ஜனாதிபதி போல்சொனாரோ நிராகரித்தார். பாராளுமன்றம் அந்த நிராகரிப்பைத் தள்ளிவிட்டுப் பேரைச் சேர்த்தது.

பிரேஸில் தூரம், நம் தமிழ் ஜனங்களிடம் இது நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. இலங்கையில், மட்டக்களப்பில். 1990-ஆம் வருஷம் அந்த ஜில்லாவில் நடந்ததைக் கேட்டால் சோறு இறங்காது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுது கொண்டிருந்த முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ் ஜனங்களை, குழந்தைகள் உட்பட, கொன்றார்கள். இரண்டு பக்கத்திலும் தகப்பனில்லாத பிள்ளைகள். ஒருத்தரையொருத்தர் கண்டால் பயம். 1996-ல் அங்கே போல் சற்குணநாயகம் என்ற தமிழ்ப் பாதிரியாரும் போல் ஹோகன் என்ற கனடா ஓவியரும் சேர்ந்து ஒரு தோட்டம் தொடங்கினார்கள். வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா என்று பேர். தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வருவார்கள். வாரத்தில் ஒரு நாள், பல மாதம். சாயம், களிமண், கதை, நாடகம், வளர்க்கிற பிராணிகள். எந்தப் பிள்ளையையும், "உன் அப்பாவை யார் கொன்றது, சொல்லு" என்று குடையமாட்டார்கள். பிள்ளை தன் வேகத்தில் வரும். கூட இருந்து பார்த்துக் கொள்கிறவர்கள் அந்த ஊர் இளைஞர்கள்தான், யுத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள், பழக்கிக் கொடுத்திருந்தார்கள்.

இதிலே சூட்சுமம் என்ன? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பயங்கரமான ஒன்றைக் கண்ணால் கண்டவனுக்கு அது வார்த்தையாக உள்ளே தங்குவதில்லை. படமாக, சத்தமாக, நாற்றமாகத் தங்குகிறது. ஆகையால், "என்ன ஆச்சு சொல்லு" என்றால் அவனால் சொல்ல முடியவில்லை. கைக்கு வேலை கொடுத்தால் அது வெளியே காகிதத்துக்கு வருகிறது. காகிதத்தில் வந்தபின் அவன் அதைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம், கிழிக்கலாம், மறுபடி வேறு மாதிரிப் போடலாம். உள்ளே இருந்தவரை அது இவனை ஆட்டி வைத்தது. கூட ஒரு மனுஷர் பொறுமையாக உட்கார்ந்திருப்பது அதைவிட முக்கியம். படம் அழகாயிருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்கள் விடியலில் கோலம் போடுகிறார்கள். ஒரு வாசலில் நாலு நாளாகக் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று பக்கத்து வீட்டு ஆச்சி கண்டுபிடித்து விடுகிறாள். கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கேட்டு அழுது தீர்த்துவிட்டு லேசாகி வீடு திரும்புகிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சாமியாட்டத்தை நான் நம்புகிறவனல்ல. அந்த அழுகையை நம்புகிறேன்.

அதே சமயம் இதை அளவுக்கு மிஞ்சிப் புகழவும் கூடாது. பிரிட்டனில் ஸ்கிஸோஃப்ரீனியா என்கிற கடுமையான மனநோய் உள்ள 417 பேரை வைத்துச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒரு முறை கூட்டமாகச் சித்திர வைத்தியமும் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் குணம் ஒன்றும் காணவில்லை. கொடுத்த பலர் வகுப்புக்கு ஒழுங்காக வரவுமில்லை. மறுபக்கம், 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, கலை வேலைகள் உடம்புக்கும் மனசுக்கும் நன்மை செய்கின்றன என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் படம் போடு என்று எவனாவது சொன்னால் அவனை நம்பாதீர்கள். பழக்கமில்லாதவன் ஒருத்தன் படத்தைப் பார்த்து, "கறுப்புச் சாயம் போட்டிருக்கிறாய், ஆகையால் உனக்கு இன்ன நோய்" என்று குறி சொன்னால், கோடாங்கிக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை.

சரி, இது நமக்குக் கிடைக்குமா? பட்டணத்தில் இதை மணிக்கணக்குப் போட்டு விற்கிறார்கள். ஒரு நாள் நடவுக் கூலியைக் கொண்டு போனால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இத்தனைக்கும் வேண்டிய சாமான் என்ன? காகிதம், கரி, காவி, சுண்ணாம்பு, மஞ்சள், குளத்து மண். குளத்து மண்ணுக்கு நாம் பிரேஸிலுக்குப் போக வேண்டாம். செலவு சாமானில் இல்லை. பழகின ஓர் ஆளுக்குச் சம்பளம், ஓர் அறை, வாரம் தவறாமல் நடக்க வேண்டிய ஒழுங்கு, அவ்வளவுதான்.

நம் ராஜ்யத்தில் இதற்கு வேர் இல்லாமலில்லை. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-லிருந்து வருகிறது. சாரதா மேனன் என்ற அம்மையார், இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர், அங்கே சூப்பரிண்டெண்டாக இருந்த காலத்தில் நோயாளிகளுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிற பகுதியைக் கொண்டு வந்தார்; 1984-ல் ஸ்கார்ஃப் என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1993-ல் தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக இரண்டு இளம் பெண்கள் 'தி பேனியன்' என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். நம் பக்கத்திலேயே, ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் 1981 முதல் நடக்கிறது. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவர்களுடைய ஆட்கள் கை கால் வராத குழந்தைகளைத் தேடிக் கிராமத்துக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். தர்ம ஸ்தாபனங்களைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு, மறைக்கவில்லை. பணம் கொடுக்கிறவன் மனசு மாறினால் கதவு மூடிவிடும். ஆனால் செய்து காட்டிய காரியத்தைச் செய்து காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். கை காலுக்கு வைத்தியம் கிராமத்துக்கு வர முடியுமென்றால் மனசுக்கு ஏன் வராது?

சர்க்காருக்குக் கடமை இல்லையா? இருக்கிறது, எழுத்திலேயே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தேசத்தில் முதலில் தொடங்கிய நாலு ஜில்லாக்களில் நம் திருச்சியும் ஒன்று. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி, தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு ராஜ்யங்களில் எடுத்த கணக்கில், வயது வந்தவர்கள் நூறு பேரில் பத்துப் பேருக்குமேல் ஏதோ ஒரு மனக்கோளாறு. பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடையாது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே 29 முதல் அமல். அதன்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநலச் சிகிச்சை பெறுவது எல்லாருடைய உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவனுக்கு இலவசம். மருந்தைக் குடித்துப் பிழைத்தவனைப் போலீஸ் கேஸ் போட்டுத் தண்டிக்காமல், அவன் மனக்கஷ்டத்தில் செய்தான் என்றே கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கார் சாகுபடி பொய்த்த வருஷம் எத்தனை வீட்டில் பூச்சி மருந்து டப்பாவை ஒளித்து வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி ஜில்லா ஆயிற்று. ஜில்லா என்றால் கலெக்டர் ஆபீஸ் மட்டும்தானா? நம் கோரிக்கை சின்னது. ஜில்லா ஆஸ்பத்திரியில் ஓர் அறை, வாரத்தில் இரண்டு நாள், பயிற்சி பெற்ற ஓர் ஆள், இலவசமாக. மருந்து வாங்க வருகிறவன் அன்றைக்கே அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகும்படி; இரண்டு தடவை பஸ் சார்ஜ் கொடுக்க அவனால் ஆகாது. ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, அங்கேயும் இதைக் கேட்க வேண்டும். விபத்து நடந்த இரவு, கை போனவனுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கும் வைத்தியம் வேண்டும் என்று யூனியன் மனுவில் ஒரு வரி சேர்த்தால் என்ன? வயல் வேலைக்காரருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, அவர்களுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியே கதி, ஆகவே அங்கேயும் கேட்போம். மனு எழுதி வைத்திருக்கிறேன், அந்த மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வையுங்கள்.

மனு ஜெயிக்கிறவரை வீட்டில் இருக்கிறவன் என்ன செய்வான்? 14416 என்று ஒரு டெலிபோன் நம்பர்; 2022-லிருந்து சர்க்கார் நடத்துகிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். குறித்துக் கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது கட்டி வைத்திருந்தால் இன்றைக்கு ராத்திரியே அவிழுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் இங்கே சொல்ல வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு சொல்லுங்கள். வருகிற வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் அண்ணனுக்கு மாத்திரை வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போகிறேன். கூட வருகிறவர்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பக்கம் நில்லுங்கள். அண்ணனும் வருவான்.